இளநிலைப் படிப்பு, வேலை, வீடு, போட்டித் தேர்வு: கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் இளநிலைப் பட்டம் பயில்வோரை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. வகுப்புப் பொறுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையே இங்குள்ள கேள்விகள். விதிமுறைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும், தன்னாட்சிக் கல்லூரிகளில் இன்னும் கொஞ்சம் மாறும் என்பதால், இங்குள்ள எண்களை உங்கள் கல்லூரிக் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கும் போய், வேலைக்கும் போவது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான், பலர் அப்படித்தான் படித்து முடிக்கிறார்கள். ஆறு ‘டே ஆர்டர்’ (கிழமைக்குப் பதிலாக வரிசை எண்ணால் குறிக்கும் வகுப்பு நாள்), நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை என்ற கணக்கில் 30 மணி நேரம் வகுப்புக்குப் போய்விடும். கல்லூரி இரண்டு சுழற்சிகளாக இயங்கினால், முதற்சுழற்சி மாணவருக்குப் பிற்பகலும் இரண்டாம் சுழற்சி மாணவருக்கு முற்பகலும் மீதம் இருக்கும். சேர்க்கையின்போது எந்தச் சுழற்சி கிடைத்தாலும் போதும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் அதே கவனத்தோடு சுழற்சியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம் என்பது என் கருத்து. இது எந்த விதியிலும் எழுதப்பட்டதன்று. அதைத் தாண்டியவர்கள் இரண்டாம் பருவத்திலிருந்து முதல் பாடவேளைக்கு வராமற்போவதைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு. அந்த இருபது மணி நேரத்தில் போக்குவரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஊரிலேயே மாலையில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர் சம்பாதிப்பது சிறு தொகையாக இருக்கலாம். ஆனால் நகரத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் போய், கடையில் நான்கு மணி நேரம் நின்று, கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திரும்புபவரைவிட அவர் கையில்தான் படிப்பதற்கான நேரம் மிஞ்சுகிறது. இரவுப் பணியை மட்டும் இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். வேலை இரவோடு முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் மறுநாள் காலை வருகைப்பதிவேட்டில்தான் அதன் விலை எழுதப்படுகிறது.

வருகைப்பதிவு எவ்வளவு இருக்க வேண்டும்? குறைந்தால் என்ன ஆகும்?

பருவத்துக்கு 90 வேலைநாள் என்றும், அவற்றில் 75 விழுக்காடு வருகை தேவை என்றும் கொள்வது பொது வழக்கு. அதாவது 68 நாள் வந்தாக வேண்டும். 22 நாள் வராமல் இருக்கலாம். 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், உரிய காரணம் காட்டி, ‘கண்டனேஷன்’ (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான) கட்டணம் செலுத்தித் தேர்வெழுதப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. 50 விழுக்காட்டுக்கும் குறைந்தால் பருவத்தையே மறுபடி படிக்க நேரும்.

இந்த 22 நாளைச் சேமிப்புப் பணம் போலக் கருதுங்கள். காய்ச்சல், வீட்டு விசேஷம், துக்கம், பேருந்து வராத மழைநாள் எல்லாமே இதிலிருந்துதான் போக வேண்டும். வேலைக்காக இதில் பத்து நாளுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதையும், அந்தப் பத்து நாள் எந்த மாதத்தில் வேண்டியிருக்கும் என்பதையும் பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூலையில் சும்மா கழித்த நான்கு நாளுக்காக அக்டோபரில் வருந்திய மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

தினசரி கால அட்டவணை போட்டு ஒட்டிவைத்தேன். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. என்ன தவறு?

உங்கள் மீது தவறில்லை, அட்டவணை மீதுதான் தவறு. காலை நாலரை மணிக்கு எழுவது முதல் இரவு பத்தரை மணி வரை கட்டம் கட்டிய அட்டவணை, வேறு பொறுப்பே இல்லாதவருக்காக எழுதப்பட்டது. முதலாளி அழைத்தால் போக வேண்டியவரும், வயலில் ஆள் குறைந்தால் இறங்க வேண்டியவரும், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவரும் நாளைக் கட்டம் போட்டுப் பிரிக்க முடியாது. அவர்கள் பிரிக்க வேண்டியது பருவத்தை.

ஒரு பெரிய தாளில் கல்லூரி நாட்காட்டியையும் உங்கள் வேலையின் நாட்காட்டியையும் அடுத்தடுத்து எழுதுங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் பருவங்கள் ஜூன் மாதத்தையொட்டித் தொடங்கி நவம்பர்த் தேர்வோடு முடிகின்றன. மற்றவை டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகின்றன. இனி வேலைகளைப் பாருங்கள். ஜவுளிக்கடையில் நிற்பவருக்கு ஆடித் தள்ளுபடியில் ஒரு நெருக்கடி, தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் அதைவிடப் பெரிய நெருக்கடி. கடை இரவு பதினொரு மணிக்கும் மூடாத அந்த மூன்று வாரங்கள், நவம்பர்த் தேர்வுக்கு மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும் அதே வாரங்கள். ஆகவே ஜவுளிக்கடை மாணவர் செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு பாடத்திலும் முதல் மூன்று அலகுகளை முடித்துவிட்டிருக்க வேண்டும். அக்டோபரில் படித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே அவருக்கு இருக்கக்கூடாது.

கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போவோருக்குக் கணக்கு வேறு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது; புரட்டாசியிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணியிலும் தை மாசியிலும் வரிசையாக முகூர்த்தம் இருக்கும். ஆவணியில், கல்லூரியே நடத்தும் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு குறுக்கிடும் என்பதால், அதற்கான பாடத்தை ஆடியிலேயே படித்துவிட வேண்டும். புரட்டாசி இவர்களுக்குக் கிடைத்த வரம். வருமானம் குறையும் அந்த மாதத்தில் பாதிப் பாடத்திட்டத்தை முடித்துவிடலாம். முகூர்த்த வேலைக்கு இன்னொரு வசதியும் உண்டு: தேதிகள் பஞ்சாங்கத்திலேயே முன்கூட்டி அச்சாகி வருகின்றன. விடுப்பை இத்தனை துல்லியமாகத் திட்டமிடும் வாய்ப்பு வேறு வேலை எதிலும் இல்லை.

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா அறுவடை தை மாதத்தையொட்டியும் வரும். வீட்டு வயல் என்றால் மறுக்க முடியாது. அந்த நாட்களை 22 நாள் கணக்கில் முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டியதுதான்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா? பருவத் தேர்வில் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

வேலைக்குப் போகும் மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 25 அகமதிப்பீட்டுக்கு, 75 பருவத் தேர்வுக்கு என்பதே பரவலான பங்கீடு. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும், அதிலும் பருவத் தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. தேர்ச்சி மட்டுமே இலக்கு என்றால், அகமதிப்பீட்டில் பத்து எடுத்தவரும் இருபது எடுத்தவரும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். ஆனால் விழுக்காட்டில் அந்தப் பத்து மதிப்பெண் அப்படியே பத்து விழுக்காடாக நிற்கும். பட்டத்துக்குப் பின் பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வுக்கு நேரடியாகச் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடும் பிற பட்டதாரிக்கு 60 விழுக்காடும் தேவை. தனியார் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வரும்போது 60 விழுக்காட்டைக் கோடாகப் போடுவது சாதாரணம். அந்தக் கோட்டுக்கு மேலே நிற்பதற்கு மிக எளிய வழி, ஒப்படைப்பை நேரத்தில் கொடுப்பதும் இரண்டு அகமதிப்பீட்டுத் தேர்வையும் தவறாமல் எழுதுவதும்தான்.

அகமதிப்பீட்டு நாளில் வர முடியாமல் போனால், மறுநாளே ஆசிரியரைப் பார்த்துச் சொல்லுங்கள். வேலைக்குப் போவதைச் சொல்ல மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுதேர்வு வைத்துக்கொடுப்பார்கள். பட்டியல் கையெழுத்தாகிப் போன பிறகு அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு எப்போது தயாராகத் தொடங்க வேண்டும்? முதலாண்டிலேயே பயிற்சி மையத்தில் சேரலாமா?

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. தொகுதி 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே கல்வித் தகுதி. பெரும்பாலான பதவிகளுக்கு 18 வயது நிறைந்தால் போதும். ஆகவே கல்லூரியில் படித்துக்கொண்டே அதை எழுதலாம். ஒரே எழுத்துத் தேர்வு, நேர்காணல் இல்லை. 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அவற்றில் 100 வினா தமிழுக்கு, 75 பொது அறிவுக்கு, 25 கணக்கு மற்றும் மனத்திறனுக்கு. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை நன்றாகப் படித்தவர் பாதித் தேர்வைக் கையில் வைத்திருக்கிறார். கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பகுதி ஒன்று தமிழில் இலக்கிய வரலாற்றையும் ஊன்றிப் படித்தால் அந்தப் பிடி இன்னும் இறுகும். ‘லாங்குவேஜ் பேப்பர்’ தானே என்று அந்த வகுப்பைத் தட்டிக்கழித்துவிட்டு, அதே பாடத்துக்கு வெளியே பணம் கட்டிப் பயில்வோரைக் காணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை.

தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். தொகுதி 1-க்கு 21 வயதும் ஆக வேண்டும். மத்தியக் குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலையை இறுதியாண்டு மாணவரும் எழுதலாம் என்றாலும், அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், பதினேழில் கல்லூரியில் சேர்ந்தவருக்குப் படிக்கும்போதே எழுதும் வாய்ப்பு அமைவது அரிது. எனவே முதலாண்டில் பெருந்தொகை கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. தேர்வெழுத நான்கு ஆண்டு இருக்கையில் படித்த நடப்பு நிகழ்வுகள் அதற்குள் பழையதாகிவிடும். பட்டப்படிப்பின் மதிப்பெண்ணும் குறைந்திருக்கும். முதலிரண்டு ஆண்டுகளில் செய்ய வேண்டியவை மூன்றே: நாள்தோறும் ஒரு செய்தித்தாள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல், தமிழ்ப் பாடநூல்கள், அடிப்படைக் கணக்கு.

பணம் கட்டித்தான் பயிற்சி பெற வேண்டும் என்பதும் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வு நூல்கள் உண்டு. வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருப்பவர்களுக்குப் புத்தகத்தைவிட அங்குள்ள நாற்காலியும் அமைதியும் பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொகுதி 4-இல் தட்டச்சர் பணியிடங்கள் தனியே உள்ளன; அவற்றுக்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்றிதழ் தேவை. நாளுக்கு ஒரு மணி நேரம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனால், மூன்றாண்டு படிப்பு முடிவதற்குள் இரு மொழியிலும் இளநிலை, முதுநிலை இரண்டையும் முடித்துவிடலாம். வேலையோடும் படிப்போடும் இத்தனை இணக்கமாகச் செல்லும் தயாரிப்பு வேறொன்றை நான் அறியேன். ஆனாலும் இக்காலத்து மாணவர்கள் அதைப் பழைய விஷயம் என்று ஒதுக்குகிறார்கள்.

பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். கல்லூரியில் ஆங்கிலவழி எடுக்கச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அது திருத்தப்பட்ட பிறகு, பதவிக்குரிய கல்வித் தகுதி வரைக்கும் முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அந்த முன்னுரிமை கிடைக்கும். ஆகவே பள்ளியில் தமிழ்வழியிலும் கல்லூரியில் ஆங்கிலவழியிலும் படித்தவர், பத்தாம் வகுப்பு தகுதியாக உள்ள தொகுதி 4-இல் முன்னுரிமை கோரலாம். பட்டம் தகுதியாக உள்ள தொகுதி 2-இல் கோர முடியாது. அரசுப் பணிதான் இலக்கு என்று உறுதியாக இருப்பவருக்கு, வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களில் தமிழ்வழி இருந்தால் அதையே எடுக்கச் சொல்வேன். கணினி அறிவியல் படித்துத் தனியார் துறைக்குப் போக நினைப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தனியார் வேலைக்கு என்னென்ன கூடுதலாகக் கற்க வேண்டும்?

2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பாடங்கள் உங்கள் பாடத்திட்டத்துக்குள்ளேயே வருகின்றன. முதலில் அவற்றை ஒழுங்காக முடியுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ‘ஸ்வயம்’ தளத்தில் பருவத்துக்கு ஒரு பாடம் போதும். வகுப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒரே நேரத்தில் நான்கு சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கி நான்கையும் பாதியில் விட்டவரின் தன்விவரக் குறிப்பில் எழுத எதுவும் இருக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாமா?

படிக்கலாம். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு வழிவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் வகுப்பு நேரம் மோதக்கூடாது. ஒன்று நேரடியாகவும் மற்றொன்று தொலைநிலை அல்லது இணையவழியாகவும் இருக்கலாம். 2020-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தை இப்படி வேறொரு பட்டத்தோடு சேர்த்துப் படிப்போர் உண்டு. ஆனால் அதன் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றே எழுத வேண்டும், வாராவாரம் ஒப்படைப்பும் உண்டு. பட்டம், வேலை இரண்டும் ஏற்கனவே கையில் இருப்பவர் இதில் மூன்றாவதாக இறங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ். இவற்றுக்கெல்லாம் நேரம் ஒதுக்குவது வீண் அல்லவா?

என்.எஸ்.எஸ். ஆண்டுக்கு 120 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம்; வேலைக்குப் போகிறவர்கள் ஈடுகொடுக்கக்கூடியதே. என்.சி.சி. அதைவிடக் கடினம்: அணிவகுப்பு காலையிலேயே இருக்கும், முகாம்கள் பத்து நாள் வரை நீளும். ஆனால் ‘சி’ சான்றிதழைக் குறைந்தது ‘பி’ நிலையில் பெற்று, பட்டத்தில் 50 விழுக்காடு எடுத்தவர், எழுத்துத் தேர்வு இல்லாமல் தரைப்படை அதிகாரிக்கான தேர்வுக் குழு நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். சீருடைப் பணி உங்கள் கனவு என்றால், மூன்றாண்டுக்கு வேலையை விட்டுவிட்டு என்.சி.சி.யில் இருப்பதே சரி. கனவு வேறு என்றால், நண்பர்கள் சேர்கிறார்கள் என்பதற்காகச் சேராதீர்கள்.

வீட்டு வேலை முழுதும் என் மேல் விழுகிறது. இறுதியாண்டிலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் எப்படிப் படிப்பது?

இந்தக் கேள்வியை மாணவிகள் மட்டுமே கேட்கிறார்கள் என்பதை முதலில் குறித்துவைக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

வீட்டாரிடம் பேசும்போது பொதுவாகப் படிக்க வேண்டும் என்று சொல்வதைவிட, தேதி சொல்லிப் பேசுவது பலன் தருகிறது. ‘ஏப்ரல் மாதத்தோடு ஆறாம் பருவத் தேர்வு முடிகிறது, முடிவு வந்து தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு பேசலாம்’ என்று சொன்ன பெண்ணுக்கு நான்கைந்து மாத அவகாசம் கிடைத்ததைக் கண்டிருக்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரும். பிற்பாடு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. தொகை சிறிது. ஆனால் படிப்பை நிறுத்தினால் அது நின்றுவிடும் என்பது, வீட்டில் பல பெண்களுக்கு வாதமாகப் பயன்பட்டிருக்கிறது.

படிக்கும்போதே திருமணமானவர்களும் தாய்மை அடைந்தவர்களும் படிப்பை விட்டுவிட வேண்டியதில்லை. தாய்மை அடைந்த மாணவியருக்கு வருகைப்பதிவில் தளர்வு அளிக்க விதி வகுக்குமாறு 2021 டிசம்பரில் மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுத்துவிடுவார்கள்.

மூன்று பாடத்தில் அரியர் விழுந்துவிட்டது. வேலையை விடுவதா, படிப்பை விடுவதா?

இரண்டையும் உடனே விட வேண்டாம். அரியர் பாடத்தை அடுத்த பருவத் தேர்வோடு எழுதலாம் என்பதால், அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் வேலை நேரத்தைப் பாதியாக்க முடியுமா என்று பாருங்கள். மூன்றையும் ஒருசேர எழுதுவதைவிட, ஏற்கனவே முப்பதை நெருங்கிய இரண்டில் முழுக் கவனம் வைத்து முடித்துவிட்டு, கடினமானதை அதற்கடுத்த பருவத்துக்குத் தள்ளுவது நல்லது. ஐந்தாம் பருவத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். ஒரே ஒரு அரியர் இருந்தாலும் பட்டம் இல்லை; தொகுதி 2 போன்ற தேர்வுகளுக்கு அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே தகுதி கையில் இருக்க வேண்டும். ஒரு பாடத்துக்காக ஓர் அறிவிக்கையைத் தவறவிட்டவர், அடுத்த அறிவிக்கைக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க நேரலாம்.

கல்லூரியை விட்டுவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் படித்தால் சமாளித்துவிடலாமே?

குடும்பத்தின் ஒரே வருமானம் நீங்கள்தான் என்றால், அது மதிப்பான வழியே. மானியக் குழுவின் ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் பெறும் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. சேரும் ஆண்டில், சேரும் பாடத்துக்கு அந்த ஏற்பு உள்ளதா என்பதை மட்டும் மானியக் குழுவின் தளத்தில் பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு நான் தயங்கியே சொல்வேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை தொலைநிலை மாணவருக்குக் கிடையாது. இலவசப் பேருந்து அட்டை, என்.சி.சி., வளாகத் தேர்வு, அகமதிப்பீட்டுக்கு மறுதேர்வு வைத்துக்கொடுக்கும் ஆசிரியர் ஆகிய எதுவும் அங்கு இல்லை.

படிப்பு முடிந்து வெளியேறும்போது எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும்?

மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழை முதல்வரின் கையொப்பத்தோடு அப்போதே வாங்கிவிடுங்கள். பள்ளிக் காலத்துக்கு உரியதைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே பெற வேண்டியிருக்கும் என்பதால், தொடக்கப் பள்ளிக்கு ஒரு நடை போக நேரும். மேலும், மூன்றாண்டு வேலை பார்த்த இடத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையின் பெயரும் முத்திரையும் உள்ள தாளாக இருக்கட்டும்.